ஞாயிற்றுக்கிழமை தூங்கும் ஆவுளியா

ஆவுளியாவுக்குக் கிழமை தெரியும் என்று நான் கண்டுபிடித்தபோது எனக்கு முப்பது வயதாகியிருக்கவில்லை. அந்த வயதில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆவுளியா என்பது கடல் பசு. நானூறு கிலோ எடை, கடலடிப் புல்லைத் தவிர வேறு எதுவும் தின்னாது, எந்த வம்புக்கும் போகாது. மூச்சு விட மட்டும் மேலே வரும். நான் பிறந்தது தாராபுரம். கடல் என்பதே எங்களுக்குத் தொலைக்காட்சியில் வருகிற சமாச்சாரம்தான். கிணற்றில் நீச்சல் பழகிய தைரியத்தில் கடல் உயிரியல் படித்து, பாக் நீரிணைக் கரையில் முத்தாரம்பட்டினம் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எங்கள் ஆய்வு நிலையத்தில் இரண்டு அறைகள், ஒரு படகு, இரண்டு விஞ்ஞானிகள். ஒருத்தி நான், பூரணி. இன்னொருவன் இளம்பரிதி, கடல்புல் ஆராய்ச்சிக்காரன்.

நான் செய்த காரியத்துக்குப் பெயர் நகரும் சரணாலயம். ஊர்க்காரர்கள் சுருக்கமாக வளையம் என்பார்கள். ஆவுளியாவின் வாலில் ஒரு பட்டை, அதிலிருந்து மூன்று மீட்டர் கயிறு, கயிற்றின் நுனியில் மிதந்தபடி, இருக்குமிடத்தையும் முழுகி எழுவதையும் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் ஒரு டேக். டேக் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு எந்த விசைப்படகும் இழுவலை இழுக்க முடியாது. படகு வளையத்துக்குள் நுழைந்ததும் அதில் பொருத்தியிருக்கும் காவல்பெட்டி வலை இழுக்கும் வின்ச்சைப் பூட்டிவிடும். ஆவுளியா நகர்ந்தால் வளையமும் கூடவே நகரும். பாய்மரத்துக்கும் துடுப்புக்கும் தடையில்லை.

விசைப்படகுக்காரர்கள் இதற்குச் சும்மா சம்மதித்துவிடவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் மீன் ஏலக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் நானே மேடையேறி ஒரு வாக்குக் கொடுத்தேன். "வெறும் கடலை ஒருநாளும் மூட மாட்டோம். டேக் ஏழு நாள் அசையாமல் கிடந்தால் வளையத்தை எடுத்துவிடுவோம்" என்றேன். கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது, அதனால் அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

டேக் கட்டிய ஆவுளியாக்களில் கடைசியான பதினோராம் எண்ணுக்கு வடிவு என்று பெயர் வைத்தேன். ஆராய்ச்சி மிருகத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. இளம்பரிதி இதை வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டுவான், அடுத்த வாக்கியத்திலேயே "வடிவு இன்னைக்கு எங்க?" என்றும் கேட்பான்.

அந்த வருடம் இந்த வடிவுதான் என்னைப் பைத்தியமாக அடித்தாள். திங்கள், புதன், சனி என்றால் விடியற்காலையிலேயே கிளம்பித் தெற்குப் புல்வெளிக்குப் போய்விடுவாள். அவை எங்கள் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள். மற்ற நாட்களில் கரையோரம் முழங்கால் ஆழத்தில் சும்மா கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமை அறவே அசைய மாட்டாள். மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாளும் வாரத்துக்கு ஒரே ஒரு நடை போய்வந்தாள். விசைப்படகுச் சத்தத்தை வைத்து ஆவுளியா வாரக்கணக்கைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன்.

"ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போகாத பாலூட்டி உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு" என்றான் இளம்பரிதி.

"பொறாமை" என்றேன்.

அதோடு நிற்கவில்லை நான். சாதாரணமாக நாலைந்து நிமிடம் முழுகும் வடிவு, தை மாதத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வர ஆரம்பித்திருந்தாள். அடிக்கடி மூச்சு வாங்குகிறது, வெகுதூரம் போவதில்லை, நிறையத் தூங்குகிறது. அம்மா சொல்லிக் கேட்ட அடையாளங்கள் எல்லாம் பொருந்திவந்தன. வடிவு கர்ப்பம் என்று முடிவுகட்டி, தொண்டியிலிருந்து லட்டு வாங்கிவந்து தெருவெல்லாம் கொடுத்தேன். ரோணியக்கா மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

வெரோணிக்கா என்பது ரோணியக்காவின் முழுப்பெயர். நாற்பத்தொரு வயது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கடலுக்குள் முழுகிப் பாசி எடுப்பது தொழில். வந்த புதிதில் படகில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த எனக்குத் தலையைப் பிடித்துவிட்டவர். "கடலு ஒன்னக் கேக்கலைல்ல புள்ள, நீயாத்தானே வந்த?" என்று அன்று சொன்னதை இன்றுவரை சொல்லிச் சிரிப்பார். அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை மறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தச் செப்டம்பரில் ஒரு கேள்வித்தாள் வந்தது. உலகம் முழுக்க முப்பது வயதுக்கு உட்பட்ட பாதுகாப்பு விஞ்ஞானிகளிடம் ஒரே கேள்வி: சுற்றுச்சூழல் நிலைத்திருக்க என்ன வழி? நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதவும். அக்டோபரில் எனக்கு முப்பது ஆகிவிடும் என்பதால் அவசரம்.

"மிருகம் போற இடத்துக்குப் பாதுகாப்பும் கூடவே போகணும். அதுக்குத் தொழில்நுட்பம் வேணும். அவ்வளவுதான்" என்றேன்.

"மிருகத்தைப் பாக்காத. புல்லைப் பாரு" என்றான் இளம்பரிதி. "புல்லு இருந்தா அது தானா வரும்."

"புல்லைச் சுத்தி வேலி போடுவியா? ஊர்க்காரங்க விடுவாங்களா?"

"அவங்களையே கேளு."

"கேட்டு, பேசி, முடிவெடுக்கறதுக்குள்ள வடிவு செத்துப் போயிடுவாடா" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மாதா கோயில் திருவிழா ஞாயிறன்று ரோணியக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அடுத்த வியாழக்கிழமை மேலிடத்துக் குழு வருகிறது. வடிவின் வளையத்தை முன்மாதிரியாக வைத்து நாடு முழுக்க விரிக்கப் போகிறார்கள். அதற்காக அன்று காலைதான் செயற்கைக்கோள் கணக்கில் ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். அதுவரை டேக் காட்டும் இடம் முந்நூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கும். இனி ஐந்து மீட்டருக்குள் சொல்லிவிடும்.

பிரியாணி, நண்டுக் குழம்பு, வறுத்த சீலா மீன். ரோணியக்காவின் தம்பி சகாயமும் இலையில் உட்கார்ந்திருந்தார். விசைப்படகு டிரைவர், என் வளையத்தின் முதல் எதிரி. எதிரி என்றாலும் எனக்குக் குழம்பு ஊற்றச் சொல்லி அக்காவை விரட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க மாட்டால வாரத்துல மூணு நாளு எனக்குச் சுத்துப்பாதை மேடம்" என்றார். "நேரா போற எடத்துக்கு அங்கிட்டுச் சுத்தி இங்கிட்டு வர்றேன். முந்தி பதினோரு மணிக்குக் கரைக்கு வந்தவன் இப்ப சாயங்காலம் வர்றேன். எம் மகளே என்னய யாருன்னு கேக்குறா."

"மீன்?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "பொய் சொல்லப்படாது. வளையத்து ஓரத்துல கெடக்கு. இந்தச் சீலா கூட அங்க இழுத்ததுதான். சரி, அதை விடுங்க. பிரசவம் எப்ப?"

காட்டுகிறேன் என்று கைபேசியைத் திறந்தேன். வரைபடம் பெரிதாகிக்கொண்டே போனது. கடல் நகர்ந்து ஓரத்துக்குப் போய், கரை வந்து, தெரு வந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டின் கூரை வந்தது. வடிவு கொல்லைப்புறத்தில் இருந்தாள்.

திருத்தத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கை கழுவும் சாக்கில் கொல்லைக்குப் போனேன். வேலியோரம் மூடி போட்ட நீல நிறப் பீப்பாய் ஒன்று, மூடியின் மேல் கல். கல்லை எடுத்துவிட்டுத் திறந்தேன். நிறையக் கடல் தண்ணீர். அதில் பதினொன்று என்று நானே சிவப்பில் எழுதிய டேக் மிதந்துகொண்டு, நிதானமாக ஒளி விட்டுக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதுவும் என் ஏற்பாடுதான்.

"மூடியப் போடு புள்ள. உள்ள தம்பி இருக்கான்."

பின்னால் கரண்டியோடு ரோணியக்கா நின்றார்.

"எங்கக்கா அவ?" என்றேன்.

"செத்துப்போச்சு. தையில. பொங்கல் கழிஞ்சு ரெண்டாவது வாரம்."

வேலியோரம் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். உள்ளே சகாயம் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மணல்திட்டு ஓரத்துல பாசிக்குப் போனப்பப் பாத்தேன். பிஞ்ச வலைத்துண்டு ஒண்ணு பாறையில மாட்டிக் கெடந்துச்சு. நீ கட்டுன கயிறு அதுல சுத்திக்கிச்சு. மூச்சுக்கு மேல வர ஒரு ஆள் ஒசரந்தான் பாக்கி. வரமுடியல. நாங்க முழுகுறவுக. மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்."

டேக் கட்டும் கயிற்றில் ஒரு இடம் வேண்டுமென்றே வலு குறைவாக இருக்கும். எங்காவது மாட்டினால் அங்கே அறுந்து மிருகம் தப்பிவிட வேண்டும் என்பதற்காக. முன்னால் கட்டிய பத்து டேக்குகளும் ஒவ்வொன்றாக அப்படி அறுந்து, தகவல் வருவது நின்றுபோனது. எனக்கு ஆத்திரம். பதினோராம் எண்ணுக்கு அந்த இடத்தில் கெட்டியான இணைப்பை மாட்டியது நான்தான். ஒரு நாள் தகவலும் வீணாகக் கூடாது என்று நினைத்தேன். அறிவியல் படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

"வலை யாரோடதுக்கா?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "தம்பியோட விசைப்போட்டு வலை. அவனுக்குத் தெரியாது. பிஞ்சப்ப நாந்தான் தச்சுக் குடுத்தேன். அந்த முடிச்சு எம் முடிச்சு. எங்க கெடந்தாலும் எனக்குத் தெரியும்." பிறகு சொன்னார்: "ஒங் கயிறு, எம் முடிச்சு. ரெண்டுஞ் சேந்துதான் அதைக் கொன்னுச்சு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"மொதல்ல தம்பியப் பிடிச்சுட்டுப் போயிருவாகன்னு பயம். ரெண்டு நாளு அழுதேன். அப்புறம் ஒம்மேல கோவம். பெறகு யோசிச்சேன். ஏழு நாளு அசையாட்டி வளையத்த எடுத்துருவேன்னு நீதானே மேடையில பேசுன? முன்வரிசையில ஒக்காந்து கேட்டேனே. அப்பத்தான் புல்லு தெக்க துளிர்விட ஆரம்பிச்சிருக்கு. எத்தனை வருசங்கழிச்சு! நண்டு வருது, இறா வருது. ஏழாவது நாளு கயித்த அறுத்து, இந்த டப்பாவ இடுப்புல கட்டிக்கிட்டு நான் போய் முழுகுனேன்."

"இடுப்புலயா?"

"விசைப்போட்டு கடலுக்குப் போற நாளெல்லாம் கொண்டு போவேன். தடைக்காலத்துல அந்த ஏழு நாளு கணக்குக்காக வாரம் ஒரு நடை. மத்த நாளு பீப்பாயில கெடக்கும். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவணும்ல?"

ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு. எட்டு மாதமாக நான் எண்ணி, வரைந்து, பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது ரோணியக்காவின் மூச்சை.

"பிள்ளைத்தாச்சின்னு லட்டு வேற குடுத்த" என்றார் அவர். "நாப்பத்தோரு வயசுல எனக்கு ஒரு லட்டு."

சிரித்துவிட்டேன். சிரிப்பு அப்படியே அழுகையானது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல் நாள் படகில் பிடித்த மாதிரியே என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நிலையத்துக்குப் போய் இளம்பரிதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாட்காட்டியைத்தான் பார்த்தான்.

"புது திருத்தத்தோட கணக்கு வியாழக்கிழமை எல்லார் கைக்கும் போயிடும்" என்றான். "டேக் அக்கா வீட்டுல கிடக்கறதைக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்." பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "இரு. வடிவு தையிலயே செத்துட்டான்னா, போன வாரம் புல்லை மேஞ்சது யாரு?"

ஆவுளியா மேய்ந்த இடத்தில் புல் வேரோடு போய், தரையில் ஒரு சாண் அகலத்துக்கு நீளமாகத் தடம் விழும். தெற்குப் புல்வெளியில் அவன் எடுத்த படங்களைத் திறந்தான். வடிவின் தடங்கள் என்று இருவரும் நம்பியிருந்த படங்கள். ஒன்றில் அகலமான தடத்தை ஒட்டியே இன்னொரு மெல்லிய தடம் ஓடியது.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் ரோணியக்காவின் சின்ன மரப்படகான வத்தையில் நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம். படத்தைக் காட்டிக் கேட்டபோது அவர் முகம் இறுகியது.

"தெரியும்" என்றார். "தாயும் குட்டியும். சித்திரையில வந்துச்சுக."

"இதையாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா வாலுல கட்டுவீக."

அவர் டேக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும். இங்கே நாலாபுறமும் தண்ணீர்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப்போனார்.

மூன்று வருடங்களுக்கு முன் நான் பார்த்தபோது அந்த இடம் உழுதுபோட்ட சேறாக இருந்தது. இப்போது கண்ணுக்கெட்டிய வரை பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உடம்பு குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகை ஒட்டிச் சின்னது ஒன்று. சின்னது மட்டும் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அக்காவின் இடுப்பில் டேக் மினுக் மினுக்கென்று எரிந்ததைத்தான் வேடிக்கை பார்த்தது என்று நினைக்கிறேன். என் மூச்சு நாற்பது வினாடிதான் தாங்கியது. அந்த நாற்பது வினாடிக்காக நான் தாராபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாலும் தகும்.

வத்தையில் ஏறியதும் இளம்பரிதி மெதுவாகச் சொன்னான். "அலமாரியில ரெண்டு டேக் இருக்கு. நாளைக்கே தாய்க்குக் கட்டிடலாம். பதினொண்ணு கழண்டு விழுந்துடுச்சு, பன்னெண்டு கட்டினோம்னு எழுதிடலாம். வளையம் இருக்கும், புல்லு இருக்கும், அக்காவுக்கும் தொந்தரவு இல்லை. நீ குடுத்த வாக்கும் பொய்யாகாது. கடல் வெறுங்கடல் இல்லையே."

வாழ்நாள் முழுக்க மிருகத்தைப் பார்க்காதே என்று எனக்குப் பாடம் எடுத்தவன் அவன். அவன் வாயிலிருந்தே இது வந்ததும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வேலை. ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அக்கா துடுப்பைப் போட்டுக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை வரை யோசித்தேன். வலு குறைந்த இணைப்பையே திரும்பவும் மாட்டலாம், இந்தமுறை ஜாக்கிரதையாக இருக்கலாம் என்றெல்லாம் எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். ஆனால் கண்ணை மூடினால் மேலே வர ஓர் ஆள் உயரம் பாக்கி இருக்கையில் நின்றுபோன வடிவுதான் தெரிந்தாள். அந்தக் குட்டி டேக்கை எவ்வளவு ஆசையாகப் பார்த்தது என்பதும் நினைவுக்கு வந்தது. என்னால் முடியாது என்று இளம்பரிதியிடம் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டு, "நல்லது, நான் சொன்னதை மறந்துடு" என்றான்.

வியாழக்கிழமை அதே ஏலக்கூடம், அதே மேடை. குழுவில் மூன்று பேர். எதிரே படகு உரிமையாளர்கள், டிரைவர்கள், பாசி எடுக்கும் பெண்கள். வந்தவர்களுக்கு மாலை எல்லாம் போட்டாகிவிட்டது. நான் எழுதிவைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"வடிவு இறந்து எட்டு மாசமாச்சுங்க. நான் கட்டின கயிறுதான் காரணம். எட்டு மாசமா நீங்க சுத்திப் போனது இல்லாத ஒரு உயிருக்காக. வெறும் கடலை மூட மாட்டேன்னு இதே இடத்துல சொன்னேன். அந்த வாக்கு பொய்யாப் போச்சு. மன்னிச்சுக்கங்க."

கூடம் வெடித்தது. "எட்டு மாசமா எங்களைச் செக்கு மாடு மாதிரிச் சுத்த விட்டியே!" என்று ஒரு உரிமையாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் கோபத்தில் ஒரு தவறும் இல்லை.

"டேக்கை நகர்த்தியது யார்?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"அதைச் சொல்ல மாட்டேங்க. கட்டினது நான்."

"நாந்தான்" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. ரோணியக்கா எழுந்து நின்றிருந்தார். வலையைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் சொன்னார். யாருடைய வலை என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவர் யாருக்கு வலை தைக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். சகாயம் அக்காவையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியே போய்விட்டார்.

கடல் வெறுமையாக இல்லை, தாயும் குட்டியும் இருக்கின்றன என்று இளம்பரிதி படங்களைக் காட்டினான். குழுத் தலைவருக்கு உயிர் வந்தது. "அப்படியானால் தாய்க்கு டேக் கட்டுங்கள். வளையம் தொடரும்."

"கட்ட மாட்டேன்" என்றேன்.

"கட்டாவிட்டால் வளையம் கிடையாது."

"சரிங்க."

என் மூன்று வருட வேலை இந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. திட்டத்தை நிறுத்தினார்கள். வடிவின் சாவு குறித்து விசாரணை வரும் என்றார்கள். என்னிடம் விளக்கம் கேட்டு அன்றே கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கப் படகு படகாகப் போய்க் காவல்பெட்டிகளின் பூட்டை எடுத்தார்கள். இருக்குமிடத்தைக் காட்டும் வேலையை மட்டும் பெட்டிகள் இன்னும் செய்துகொண்டிருந்தன.

மறுநாள் சனிக்கிழமை, விசைப்படகு நாள். காலை ஆறு மணிக்கு நானும் இளம்பரிதியும் நிலையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். ரோணியக்காவும் இன்னும் முப்பது பெண்களும் வழக்கம்போலத் தெற்கே பாசிக்குப் போயிருந்தார்கள். நாற்பத்திரண்டு புள்ளிகள் துறையிலிருந்து கிளம்பின. நேராகத் தெற்கே.

"பாக்காத. வா, டீ குடிப்போம்" என்றான் இளம்பரிதி. அவனே எழுந்திருக்கவில்லை.

நேற்றுவரை வளையத்தின் எல்லையாக இருந்த இடத்துக்குப் பக்கத்தில் முதல் புள்ளி வந்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அது மெல்ல வளைந்தது. அதன் பின்னால் அடுத்தது. ஒன்றன்பின் ஒன்றாக, இல்லாத ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயின. பழக்கதோஷம் என்றான் இளம்பரிதி. அப்போது ஒரு புள்ளி மட்டும் நேராக உள்ளே நுழைந்தது. வயர்லெஸ் கரகரத்தது.

"எவன்டா அது உள்ள போறது? வெளிய வாடா! எங்கக்கா முழுகிக்கிட்டு இருக்கா, கண்ணு தெரியல?"

சகாயத்தின் குரல். புள்ளி தயங்கி நின்றது, பிறகு திரும்பியது. இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத கண்ணாடியை, வெகுநேரம் துடைத்தான்.

சாயங்காலம் துறைக்குப் போனேன். சகாயம் படகிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒங்க மேல கோவம் தீரல மேடம். அது இப்ப தீராது."

"தீர வேண்டாங்கண்ணா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பூட்டுதான் இல்லையே, ஏன் உள்ள போகலை?"

"உள்ள போய் இழுத்துட்டா அப்புறம் ஓரம் எங்கிட்டு இருக்கும்?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "மீனு ஓரத்துலதானே கெடக்கு." ஒரு கூடையை இறக்கி வைத்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "முடிச்சு எம் முடிச்சுன்னு அக்கா கூட்டத்துல சொன்னா. வலைய அத்துவிட்டுட்டு வந்தது நான். அதையும் விசாரணைல சொல்லிருவேன்." பிறகு ஒரு பெரிய சீலா மீனை எடுத்து என் கையில் திணித்தார். "அவகூட நான் ரெண்டு நாளாப் பேசல. நீங்களே குடுத்துருங்க. நாந்தான் குடுத்தேன்னும் சொல்லிருங்க."

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே வெளியூர்ப் படகுகள் மூன்று வடக்கு ஓரமாக உள்ளே புகுந்து ஒரு பட்டை புல்லை வாரிக்கொண்டு போயின. சகாயமும் இன்னும் நாலு பேரும் அந்தத் துறைக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள். என் நாற்பது பக்கக் கட்டுரையை இளம்பரிதி பின்பக்கத்தில் குறிப்பு எழுதும் தாளாகப் பயன்படுத்துகிறான். எனக்கு வேலை இருக்குமா என்பது விசாரணை முடிந்தால்தான் தெரியும். தாயும் குட்டியும் இன்று எங்கே என்று தினமும் ரோணியக்காவிடம் கேட்கிறேன். "நல்லா இருக்குதுக" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின தினம் அந்தக் கேள்வித்தாளை எடுத்தேன். இளம்பரிதி தன் பதிலாக "புல்" என்று ஒரே சொல் எழுதி அனுப்பியிருந்தான். நான் பலமுறை எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்:

"எனக்குத் தெரியும் என்று நினைத்து ஒரு கயிறு கட்டினேன், ஓர் உயிர் போயிற்று. இனிக் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வேன். வழி தெரிந்தவர் முத்தாரம்பட்டினத்தில் இருக்கிறார், பெயர் வெரோணிக்கா. நேரில் வந்து கேளுங்கள், கூடவே முழுகத் தயாராக வாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வருவார், அப்போது பேசலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்."